துணைப்பல்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். நாச்சிமுத்து விஷயத்தில் அது தலைகீழாக நடந்தது. கீழ்வரிசைப் பல் முக்கால்வாசி கொட்டிப்போன பிறகும் அவர் வாய் ஓயவில்லை; பொக்கை வாயோடு ஊரையே ஏசிக்கொண்டிருந்தார். பல் கட்டிய பிறகுதான் அவருடைய சொல் போனது. எப்படிப் போனது என்று அவர் மனைவி சாந்தாமணிக்கு ஓரளவு தெரியும். அதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

நாச்சிமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபிக்குப் பக்கத்தில் சொந்த வீடு, பூனாவில் வேலை பார்க்கும் ஒரு மகள், மேலுதட்டை மறைக்கும் ஒரு மீசை. பிடிவாதத்தில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கம்பத்துக்குக் கீழே நின்று இன்ஜினியரே "லைன் ஆஃப் பண்ணியாச்சு, ஏறுய்யா" என்று சொன்னாலும் ஏறமாட்டார். சப்ஸ்டேஷனுக்குத் தானே போன் போட்டுக் கேட்பார். ஏறிய பிறகும் டெஸ்டரை வைத்துத் தானே பார்ப்பார். "அடுத்தவன் குடுத்த லைன் கிளியரை நம்புனவன் பொண்டாட்டியெல்லாம் தாலியறுத்துட்டு உக்காந்திருக்கறாளுக" என்பார். கூட வேலை பார்த்த சிலரைக் கருகிய உடம்பாகக் கீழே இறக்கியவர் அவர். அதனால் யார் பேச்சையும் கேட்காததை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். சாந்தாமணி குடை எடுத்துப் போகச் சொன்னால் அன்றைக்கு வேண்டுமென்றே நனைந்துகொண்டு வருவார்.

அப்படிப்பட்டவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் ஆட்களின் பெயர், அப்புறம் வீட்டுக்கு வரும் வழி. ஒரு நாள் கேஸைத் திறந்து வைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடிக்கொண்டு பக்கத்துத் தெரு வரைக்கும் போய்விட்டார். இன்னொரு நாள் சத்தி ரோட்டின் நடுவில் நின்றார். டிரைவர் இல்லாத டவுன் பஸ் அவரைக் கண்டு தானாக நின்றுகொண்டது. டிரைவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ஊரே பேசியது. மகள் தாரணி அன்றைக்கே பூனாவிலிருந்து புறப்பட்டு வந்து, அப்பாவை ஈரோட்டில் ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மறதிக்கு எதற்குப் பல் டாக்டர் என்று சாந்தாமணி கேட்டாள். "வா, சொல்றேன்" என்றாள் மகள்.

டாக்டர் இளம்பரிதி சென்னைக்காரர், சின்ன வயது, சிரித்த முகம். மேஜை மேல் ஒரு தாடை எலும்புப் பொம்மையை வைத்துக்கொண்டு விளக்கினார்.

"தாடை எலும்புல டைட்டானியம் திருகாணியை இறக்கிடுவோம்மா. சில மாசத்துல எலும்பே வளர்ந்து வந்து அதைக் கவ்விக்கும். அதுக்கு மேல பல்லைப் பூட்டிடலாம். முறுக்கு கடிக்கலாம், கரும்பு கடிக்கலாம். இது பழைய வைத்தியம்தான். புதுசு என்னன்னா, கடைவாயில ஒரு பல்லு. துணைப்பல்லுன்னு பேரு. அதுக்குள்ள ஒரு சின்னக் கருவி இருக்கு. சுத்தி நடக்கறதை அது கேட்டுக்கும். ஐயாவுக்கு எது மறந்துபோகுதோ அதை எலும்பு வழியா உள்ளே சொல்லும்."

"காதுல கேக்குமுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"காதுக்கு வேலையே இல்லம்மா. நாம மனசுக்குள்ள பேசிக்கறோமில்ல, அப்படி இருக்கும். அவர் குரல்லயே."

"அவரு குரல்லயா? அதெதுக்குங்க?"

"அடுத்தவங்க சொன்னா ஐயா கேப்பாரா?"

தாரணி சிரித்தே விட்டாள். டாக்டரும் சிரித்தார். "மறதி வந்தவங்க எல்லாருமே அப்படித்தான். பையன் சொன்னா கோபம், நர்ஸ் சொன்னா சண்டை. ஆனா தானே நினைச்ச மாதிரி இருந்தா சத்தமில்லாம செஞ்சிடுவாங்க. தனக்குத்தானே யாராவது முடியாதுன்னு சொல்லுவாங்களா?"

நாச்சிமுத்து பக்கத்து அறையில் வாயில் பஞ்சோடு படுத்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

எலும்பு திருகாணியைக் கவ்வும் வரைக்கும் அவர் கம்மங்கூழ் குடித்துக்கொண்டு டாக்டரின் பரம்பரையையே திட்டினார். தைப்பொங்கல் கழிந்து பல் பூட்டினார்கள். அன்றைக்கு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அவருக்கு ஏதாவது சொல்லணும்னா ஒரு அழைப்புச் சொல் வேணும்மா. அதைச் சொல்லிட்டு, மாத்திரை போடுங்க, உக்காருங்கன்னு எது சொன்னாலும், பல்லு அதை அவரோட நினைப்பா மாத்தி உள்ளே சொல்லிடும். தினமும் வாயில வர்ற சொல்லா இருந்தா நல்லது. ஐயாவை எப்படிக் கூப்பிடுவீங்க, பேர் சொல்லியா?"

"அய்யோ, அதெப்படீங்க!" சாந்தாமணி பதறினாள். கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். காலம் எவ்வளவோ மாறியும் அது மட்டும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை.

"ரேஷன் கடையிலகூட அப்பா பேரை என்னத்தான் சொல்லச் சொல்லும், டாக்டர்" என்றாள் தாரணி.

"அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏனுங்க-ன்னுதான் கூப்புடுவனுங்க."

"நல்லா இருக்கே!" என்று டாக்டர் அதைப் பதிந்துகொண்டார். அம்மாவின் குரலுக்கு மட்டும் பூட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். தாரணி வேண்டாம் என்றாள். தான் பூனாவிலிருந்து போனில் சொன்னாலும் வேலை செய்ய வேண்டும், அம்மாவுக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் வேலை செய்ய வேண்டும் என்றாள். எல்லாம் அப்பாவின் நன்மைக்குத்தான்.

கொங்குநாட்டில் அந்தச் சொல் எந்த மனைவிக்கும் சொந்தமானதில்லை. காய்கறிக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார், கண்டக்டர் அப்படித்தான் கூப்பிடுவார், வழி கேட்கிறவன், வழி விடச் சொல்கிறவன், முன்பின் தெரியாதவன் எல்லோரும் அப்படித்தான் பேச்சை எடுப்பார்கள். டாக்டருக்கு அது தெரிய நியாயமில்லை. தெரிய வேண்டியவர்களுக்கோ சோற்றில் உப்பு மாதிரி வாயில் கரைந்துபோன சொல் அது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் சில மாதம் சாந்தாமணி சந்தோஷமாகவே இருந்தாள். "ஏனுங்க, மாத்திரை போடுங்க" என்றால் எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டார். "ஏனுங்க, குளிச்சுப்போட்டு வாங்க" என்றால் துண்டை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சுக்கும் அசையாத மனுஷன் இப்போது அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது. தேவையில்லாத வேலையைக்கூட ஓரிரு தடவை சொல்லிப் பார்த்தாள். முருங்கைக்காய் குழம்பை வேண்டாம் என்று தள்ளுகிறவரைச் சாப்பிட வைத்தாள். எதிர்த்த வீட்டுக்காரியிடம் "புதுசா கல்யாணமான மாதிரி இருக்குதக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

சித்திரையில் ஒரு நாள் சந்தையிலிருந்து ஒரு மூட்டை கத்திரிக்காயோடு வந்தார். கடைக்காரர் "ஏனுங்க, அல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, மிச்சம் வெக்காதீங்க" என்றாராம். தெருவெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், சாந்தாமணியும் சிரித்தாள்.

புரட்டாசியில் முடி வெட்டப் போனவர் மீசை இல்லாமல் திரும்பினார்.

வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மேலுதடு வெளுத்து, பக்கத்துக் கன்னத்துக்குச் சம்பந்தமில்லாத தோலாகத் தெரிந்தது. அவர் அப்பா செத்தபோதுகூட மீசையை எடுக்க மாட்டேன் என்று பங்காளிகளோடு சண்டை போட்டவர் அவர்.

"என்ன பண்ணிப்போட்டீங்க? மீசை எங்க?"

"எடுத்துட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரு சொல்றது? நானாத்தான் எடுத்தேன்" என்றார் நாச்சிமுத்து. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

முடி வெட்டும் கடைக்குப் போய் விசாரித்தாள். கடைக்காரர் நல்ல மனுஷன், பாவம், பதறிப்போனார். "வெளையாட்டுக்குத்தான் சொன்னனுங்கக்கா. ஏனுங்க, மீசைய எடுத்துப்போடுங்க, வயசே தெரியாதுன்னேன். அவரு சரின்னு தலைய ஆட்டுனாரு. லைன்மேன் அண்ணன் சரீங்கறாரே, நெசமாத்தான் சொல்றீங்களான்னு மறுபடி மறுபடி கேட்டேன். என்ற ஆசைதான், எடுன்னாருங்க."

என்னுடைய ஆசை. திரும்பி நடந்தபோது சாந்தாமணி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சொன்னவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பரவாயில்லை, கோபமாவது வரும். யாரோ ஒருவன் வாயில் வந்தது இவருக்குள்ளே போய் இவருடைய ஆசையாகிவிடுகிறது. நாளைக்கு இன்னொருவன் வேறொன்றைச் சொன்னால்? அதையும் நானாத்தான் செய்தேன் என்றுதானே சொல்லுவார்?

டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "சொல்லை மாத்திடலாம்மா. போன்ல முடியாது, நேர்ல கூட்டிட்டு வாங்க. ஊர்ல அவரை லைன்மேன்னுதானே கூப்பிடறாங்க? அப்ப அவர் பேரையே வச்சிடலாம். உங்களைத் தவிர யாரும் சொல்ல மாட்டாங்க."

"வேற ஏதாச்சும் வெக்கப்படாதுங்களா?"

"பழகாத சொல் அவசரத்துக்கு வாயில வராதும்மா. பேர்னா வந்துடும்."

அவளுக்கு வராது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தாள். பாதிப் பெயரிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய ஆயுசைக் காப்பாற்ற அவருடைய ஆயுசைக் குறைக்கிற காரியத்தைச் செய்யச் சொல்கிறார்களே என்று அழுகை வந்தது. பல்லை நிறுத்திவிடலாமா என்று மகளைக் கேட்டாள். தாரணி கத்தினாள்: "நிறுத்துனா அப்பா மறுபடியும் ரோட்டுல போய் நிக்கும்மா. நீ ஒருத்தி எப்படிப் பாத்துக்குவ? ஒரு மீசை, அது வளந்துக்கும்." அவள் சொன்னதும் சரிதான். தீபாவளி கழியட்டும் என்று சாந்தாமணி தள்ளிப்போட்டாள்.

அன்றிலிருந்து வீடு சிறையானது. டிவியை மூடினாள், நாடகத்தில் எவளாவது புருஷனைக் கூப்பிட்டுவிடப் போகிறாள் என்று. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்தாலும் அவருக்குத் தூக்கம் என்று சொல்லி உள்ளறையில் வைத்தாள். உண்மையைச் சொல்லவும் பயம். சொன்னால் நல்லவன் ஒதுங்கிக்கொள்வான். கெட்டவனுக்கு வேலை சுலபமாகிவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவள் சோதித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தச் சொம்புத் தண்ணிய வாசல்ல ஊத்துங்க."

எழுந்து போய் ஊற்றினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மறுபடியும் நெறச்சு ஊத்துங்க."

ஊற்றினார்.

"எதுக்குங்க ஊத்துனீங்க?"

நாச்சிமுத்து தண்ணீர் ஓடுகிற வாசலைப் பார்த்தார். "காஞ்சு கெடந்துது. ஊத்தலாம்னு தோணுச்சு" என்றார்.

சாந்தாமணி சொம்பை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பயந்தது அவரைக் கண்டு இல்லை, தன் வாயைக் கண்டு. அதற்குப் பிறகு அவரிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணிப் பேசினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாகச் சுருங்கிப்போனது: அவர் ஒரு தடவை மறுக்க வேண்டும். குடை வேண்டாம் என்று நனைந்துகொண்டு போக வேண்டும். சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ள வேண்டும். வேண்டுமென்றே குழைத்து வைத்தாள். அவர் நல்லா இருக்குது என்று தின்றார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது. பஸ் தானாக ஓடுகிற காலத்திலும் மழை பெய்தால் கரண்ட் போகிற வழக்கம் மாறவில்லை. சாந்தாமணி கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் நாற்காலி காலி. வெளிக்கதவு திறந்திருந்தது.

தெருமுனையில் சின்னச்சாமியின் மாவு மில். அதற்கு எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் உச்சியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு நாச்சிமுத்து நின்றார். விலகித் தொங்கிய ஒரு ஒயரை நோக்கிக் கை நீண்டிருந்தது.

அவள் ஓடினாள். "ஏனுங்க! எறங்குங்க!"

அவர் ஒரு காலை ஒரு படி கீழே வைத்தார்.

"அக்கா, சித்த சும்மா இருங்க, ஈபிக்காரன் எப்ப வர்றது, நான் எப்ப அரைக்கறது?" என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த சின்னச்சாமி. பிறகு மேலே பார்த்தார். "ஏனுங்க, லைன் ஆஃப்லதான் இருக்குது, பயப்படாம புடிச்சு மாட்டுங்க."

அவர் காலை மறுபடி மேலே வைத்தார். கை இன்னும் நீண்டது.

"ஏனுங்க, வேண்டாம், எறங்குங்க!"

கால் இறங்கியது.

"ஏனுங்க, மாட்டிப்போட்டு எறங்குங்க, ஒரு நிமிசம்—"

கால் ஏறியது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் முகம் ஒரே மாதிரி அமைதியாக இருந்தது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கிற வாளி மாதிரி அந்த மனுஷன் கம்பத்தில் ஆடுவதைச் சாந்தாமணி பார்த்தாள். அடுத்த வார்த்தை சின்னச்சாமியின் வாயிலிருந்து வருவதற்குள் பாய்ந்து போய் அவர் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். அயல் ஆம்பளையைத் தொட்டுப் பேசிக்கூட அறியாதவள். அவர் திகைத்துத் திமிறினார். அவள் விடவில்லை, கம்பத்தோடு வைத்து அழுத்தினாள்.

இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. மேலே நாச்சிமுத்து நீட்டிய கையோடு அப்படியே நின்றார். ஒயருக்கும் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. காத்திருந்தார்.

சொல்லை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "ஏனுங்க. கைய மடக்கிக்குங்க. ஏணியப் புடிச்சுக்குங்க. பாத்து, மெல்ல, கீழ வாங்க."

வந்தார். கால் தரையில் பட்டதும் அவரைக் கட்டிக்கொண்டாள். தெருவே பார்க்கட்டும் என்று கட்டிக்கொண்டாள்.

"டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? லைன் ஆஃப்ல இருக்குதுன்னு எனக்கே தெரியுமே" என்றார் நாச்சிமுத்து.

அவர்கள் வீட்டு வாசலை எட்டுவதற்குள், பின்னால், அந்த ஒயரை யாரும் மாட்டாமலே, கரண்ட் வந்து மில்லின் மோட்டார் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சின்னச்சாமி எதையோ கத்தினார். சாந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே ஈரோட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் அவர் காதில் பஞ்சு வைத்து, பல்லுக்கும் கேட்காதபடி தாடையோடு சேர்த்து மப்ளர் கட்டிவிட்டிருந்தாள். பல்லைப் பிடுங்கினாலும் சரி, பெயரைச் சொல்லச் சொன்னாலும் சரி, இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தாள். ஆயுசு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும், இருக்கிற ஆயுசு அவருடையதாக இருக்கட்டும். தாரணியிடம் கேட்கவில்லை.

டாக்டர் இளம்பரிதி வாய்க்குள் பார்க்கும் கண்ணாடிக் கம்பியின் பிடியால் அந்தக் கடைவாய்ப் பல்லைத் தட்டினார். டிங் என்று கேட்டது. "எலும்பு நல்லாக் கவ்வியிருக்கு" என்று பாராட்டிக்கொண்டே ஒரு கருவியைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இன்னொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதையும் வைத்துப் பார்த்தபின் உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, இது கடைசியா எப்ப வேலை செஞ்சதுன்னு நினைக்கறீங்க?"

"நேத்துக்கூடச் செஞ்சுதுங்களே! அதுக்குத்தான ஓடியாந்திருக்கறோம்."

"இல்லம்மா." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஈரம் உள்ளே போயிருக்கு. ஆனி மாசமே இது செத்துப்போச்சு. அதுக்கப்புறம் இந்தப் பல்லு ஒரு வார்த்தை கேக்கல, ஒரு வார்த்தை பேசல. இப்ப இது சும்மா ஒரு பல்லு, அவ்வளவுதான்."

சாந்தாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மனது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. மீசை போனது புரட்டாசியில். மழையில் தண்ணீர் ஊற்றியது ஐப்பசியில். கம்பம் நேற்று.

"அப்ப அவருக்கு உள்ளுக்குள்ள சொன்னது யாருங்க?"

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். நாச்சிமுத்து சாய்ந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடியே இருந்தார். மூடச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"யாரும் சொல்லலம்மா. எனக்குத் தோணறதைச் சொல்றேன். மாசக்கணக்கா வெளியில வர்ற பேச்சைப் பல்லு உள்ளே கொண்டுபோய், இது உன் நினைப்புன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிடுச்சு. மூளை பழகிக்கிச்சு. இப்ப நடுவுல பல்லு தேவைப்படல. அந்த அழைப்புச் சொல்கூடத் தேவையிருக்காது. யார் பேசினாலும் நேரா உள்ளே போய் அவரோட நினைப்பாயிடுது. நோய் முத்தினதாலயும் இருக்கலாம். எதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

"பல்லைப் புடுங்கிப்போட்டா பழையபடி ஆயிருவாருங்களா?"

"அதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லையேம்மா."

"மாத்திடலாம்னு நீங்கதானுங்களே போன்ல சொன்னீங்க?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்றார் இளம்பரிதி. அவர் கதவைப் பார்த்தார். வெளியே காத்திருப்பு அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யாரோ ஒரு மகன் தன் அப்பாவிடம் "எந்திரிங்கப்பா" என்பதும், நாற்காலி நகர்வதும், "இப்ப உக்காருங்க" என்பதும், மறுபடி நாற்காலி நகர்வதும் கேட்டது. மகன் சிரித்தான். டாக்டரின் முகம் வெளிறிப்போனது. "எத்தனை பேருக்குப் பூட்டியிருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க. ஒருத்தர்கூட வேலை செய்யலன்னு வந்ததில்லையே."

சாந்தாமணிக்கு அவர் பயத்தைப் பற்றி அக்கறையில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மப்ளரை அவிழ்த்தாள். காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். அவருடைய திறந்த வாயை, தாடைக்குக் கீழே கை கொடுத்து, தானே மூடிவிட்டாள். அதைக்கூட வாயால் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. மீசை பாதி வளர்ந்து நரைத்துக் குத்திக்கொண்டு நின்றது.

"என்னைத் தெரியுதுங்களா?"

"ஏன் தெரியாம? சாந்தா" என்றார். நல்ல தெளிவான குரல். கண்ணில் அதே ஆள் இருந்தார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"நேத்து அந்தக் கம்பத்துல ஏறுனது உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

"நீ புடிச்சுதுங்கறயா, புடிக்கிலீங்கறயா?" என்றார் அவர் மெதுவாக.

அவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் சொல்றதுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம்னு சொல்லுங்க. முடியாது போடீன்னு சொல்லுங்க. என்னைத் திட்டுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். அவள் அழுவது அவருக்கு வருத்தமாக இருந்தது; கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். அவள் கேட்டதைச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு அவளுக்கு உதவுகிற பிரியத்தோடு குனிந்து கேட்டார்:

"எதை வேண்டாங்கோணும், புள்ள? அதையும் நீயே சொல்லீரு."